பூகம்பத்துக்கு யார் பாவம் காரணம்? - 1934ல் நடந்த ஒரு வாக்குவாதம்

வணிகவியல் படிக்கிற பையனுக்குத் தத்துவம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் பிறவிப் பயன் அடைந்துவிட்டோம் என்று நினைக்கிற கூட்டம் நாங்கள். ஆனால் சில கேள்விகளை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. அவையே வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

என் அப்பாயியைச் சொல்கிறேன். எங்களுக்கு நாகை மாவட்டத்துக் கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை சுனாமி வந்தபோது எனக்கு ஒன்றரை வயது. என் அத்தைக்குப் பத்தொன்பது. மீன் வாங்கி வருகிறேன் என்று கரைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்கு முந்தைய வருஷம் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்காக மாரியம்மனுக்குத் தீ மிதிப்பதாக அப்பாயி வேண்டிக்கொண்டிருந்தது. படகு எஞ்சின் கடன் கழுத்தை நெரித்ததால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டுவிட்டது. அடுத்த வருஷம் வருவதற்குள் கடல் வந்துவிட்டது.

"அந்தப் பாக்கியைத்தான் ஆத்தா வசூல் பண்ணிட்டா" என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. போன பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என்னையே கேட்டுவிட்டது. "பெரிய படிப்பு படிக்கிறியே, நீ சொல்லு. நான் பண்ணின பாவந்தானே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அப்பாயி" என்று சொல்லிவிட்டு நழுவினேன். ஆனால் ஏன் ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. விடுதிக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் 1934ல் நடந்த ஒரு வாக்குவாதம் கண்ணில் பட்டது. அப்பாயியின் அதே கேள்விதான். ஆனால் வாதாடிய இருவரும் சாமானியர்கள் இல்லை. ஒருவர் காந்தி, இன்னொருவர் தாகூர்.

திருநெல்வேலியில் ஒரு பேச்சு

1934 ஜனவரி 15ஆம் தேதி மதியம், இரண்டு மணிக்கு மேல், வடக்கு பீகாரும் நேபாளமும் குலுங்கின. ரிக்டர் கணக்கில் ஏறக்குறைய 8. நேபாளத்தின் கிழக்குப் பகுதியில், எவரெஸ்டுக்குத் தெற்கே மையம். முங்கேர், முசாஃபர்பூர் போன்ற ஊர்கள் நொறுங்கின. வயல்களில் நிலம் பிளந்து மணலும் தண்ணீரும் பீறிட்டு வந்தன. கிணறுகள் மணலால் தூர்ந்து போயின. இரண்டு பக்கமும் சேர்த்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் காந்தி தென்னிந்தியாவில் இருந்தார். தீண்டாமை ஒழிப்புக்காக 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய நீண்ட பயணத்தின் நடுவில் இருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் பீகார் பூகம்பத்தைப் பற்றிப் பேசினார். பீகார் மக்களுக்கு உதவுங்கள் என்று கேட்டார். அதோடு நிறுத்தவில்லை. இந்தப் பூகம்பம் நம் பாவங்களுக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனை என்று தன்னைப் போன்றவனால் நம்பாமல் இருக்க முடியவில்லை என்றார். எந்தப் பாவம்? தீண்டாமை என்கிற பாவம்.

எனக்கு இதைப் படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. நம் திருநெல்வேலியிலா? காந்தியா? நல்ல காரணத்துக்காகச் சொன்னாரே என்று ஒரு மனம். சொன்னது சரியா என்று இன்னொரு மனம். இந்த இரண்டாவது மனதின் பக்கம் பேச ஒருவர் வந்தார்.

தாகூரின் கடிதம்

தாகூருக்கும் தீண்டாமை விஷயத்தில் காந்தியோடு எந்தப் பிணக்கும் இல்லை. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் இருந்தவர் அவர். அதனால் இது தீண்டாமையை ஆதரிப்பவருக்கும் எதிர்ப்பவருக்கும் நடந்த சண்டை அல்ல. ஒரே பக்கம் நிற்கிற இருவருக்குள், எப்படி வாதாடுவது நியாயம் என்பது பற்றி நடந்த சண்டை. அதனால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரியின் தப்பான வாதத்தைப் பிடிப்பது சுலபம். நம் ஆள் நல்ல காரியத்துக்காகத் தப்பான வாதம் செய்யும்போது அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

தாகூர் முதலில் காந்திக்கே எழுதி, பத்திரிகையில் வந்தது உண்மைதானா என்று கேட்டார். உண்மையென்றால் வெளியிடும்படி தன் மறுப்பையும் அனுப்பினார். காந்தி அதை முழுவதுமாகத் தன் 'ஹரிஜன்' இதழில், 1934 பிப்ரவரி 16 அன்று, தன் பதிலோடு சேர்த்து வெளியிட்டார். (தன்னைக் கண்டிக்கிற கட்டுரையைத் தன் பத்திரிகையிலேயே போடுகிற ஆள்! இதற்கே ஒரு கும்பிடு போடலாம்.)

தாகூர் சொன்னதை என் பாணியில் சுருக்கினால் இப்படி வரும்.

ஒன்று: இயற்கை நிகழ்ச்சிக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு. நிலம் நடுங்குவது நிலத்துக்குள் நடக்கிற விஷயம். அதில் நம் ஒழுக்கத்தை நுழைக்க வழியில்லை.

இரண்டு: அப்படி நுழைத்தால் கடவுளின் பெயர்தான் கெடும். எங்கோ தூரத்தில் பத்திரமாக இருக்கிறவர்களுக்குப் பாடம் சொல்வதற்காக, கையில் அகப்பட்ட குழந்தைகளையும், தீண்டாமையால் ஏற்கெனவே நொந்துபோன மக்களையுமே சேர்த்துக் கொல்கிற அரசனை நாம் நல்ல அரசன் என்போமா? மனிதனே செய்யக் கூசுகிற காரியத்தைக் கடவுள் செய்தார் என்றால், மனிதன் கடவுளைவிட நல்லவன் என்றாகிவிடும்.

மூன்று: உலகத்தில் எவ்வளவோ கொடுமைகள் காலகாலமாக நடக்கின்றன. ஏழையின் பசியின் மேல் எழும்பிய கட்டிடங்கள் எத்தனையோ அசையாமல் நிற்கின்றன. அப்போதெல்லாம் பூமி ஏன் சும்மா இருந்தது?

நான்கு: இந்த வாதம் காந்திக்குப் பொருந்துவதைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். கோவில் கதவைத் திறக்கச் சொல்லி காந்தி ஊர் ஊராகப் போனதால்தான் தெய்வம் கோபித்துக்கொண்டது என்று அவர்கள் சொன்னால் என்ன பதில்?

இந்த நான்காவதுதான் மரண அடி என்று நினைக்கிறேன். ஒரே பூகம்பம். ஒரே தேதி. ஒரே இடிபாடு. தீண்டாமை இருந்ததால் வந்தது என்று ஒருவர், தீண்டாமையை ஒழிக்கப் பார்த்ததால் வந்தது என்று இன்னொருவர். இருவர் கையிலும் இருக்கிற ஆதாரம் ஒன்றே. ஒரே வவுச்சரை வைத்து ஒருவர் வரவு எழுதுகிறார், இன்னொருவர் செலவு எழுதுகிறார் என்றால், அந்த வவுச்சரில் ஒன்றுமே இல்லை என்றுதான் எந்த ஆடிட்டரும் சொல்வார்.

பீகாருக்கே போய் இடிபாடுகளைச் சுற்றிப் பார்த்த நேருவும் இதையே நினைத்தார். (முங்கேரில் இடிபாடுகளைத் தோண்ட மண்வெட்டி பிடித்தவர் அவர்.) அவருடைய சுயசரிதையில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பாவத்துக்குத் தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கு? நம்மிடம் இருப்பது ஒன்றிரண்டா? பூகம்பத்தில் பெரும் சொத்து இழந்தவர்களில் தர்பங்கா மகாராஜாவும் ஒருவர், அப்படியென்றால் இது ஜமீன்தாரி முறைக்குக் கிடைத்த தண்டனை என்று சொல்லலாமே. சட்டமறுப்பில் வடக்கு பீகார் முன்னே நின்றது, அதற்குத் தண்டனை என்று ஆங்கில அரசு சொல்லலாமே. போதாக்குறைக்கு, தீண்டாமை அதிகம் இருந்த தெற்கை விட்டுவிட்டு பீகாரில் ஏன் விழ வேண்டும்? காந்தி பேசியது தெற்கில், அதுவும் திருநெல்வேலியில் என்பதை நினைத்தால் இந்தக் கேள்வி இன்னும் சுருக்கென்று குத்துகிறது.

காந்தியின் பதில்

காந்தியை ஒரேயடியாக ஒதுக்கிவிடக் கூடாது. அவர் பதிலைப் பொறுமையாகப் படித்தால் அவர் முட்டாள்தனமாகப் பேசவில்லை என்பது புரியும்.

கடவுளின் விதிகள் எல்லாம் நமக்குத் தெரியாது என்கிறார். வறட்சி, வெள்ளம், பூகம்பம் எல்லாம் இயற்கைக் காரணத்தால் மட்டும் வருவதுபோலத் தெரிந்தாலும், தனக்கு அவை மனிதனின் ஒழுக்கத்தோடு தொடர்புள்ளவை என்கிறார். அதை நிரூபிக்கத் தன்னால் முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறார். சனாதனிகள் இதே பூகம்பத்தைத் தன் குற்றத்துக்குத் தண்டனை என்று சொன்னால், அப்படிச் சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்றும் எழுதுகிறார். கேலி செய்வார்களே என்று பயந்து நம்பிக்கையை மறைத்தால் தான் கோழையாகிவிடுவேன் என்கிறார். கடைசியாக, தன் நம்பிக்கை தப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அது தன்னையும் தன்னோடு நம்புகிறவர்களையும் திருத்திக்கொள்ளத் தூண்டியிருக்கிறது, அந்த அளவில் நல்லதுதான் என்கிறார்.

இந்தக் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. தாகூர் கேட்டது "இது உண்மையா?" என்று. காந்தி பதில் சொன்னது "இது நல்லதா?" என்ற கேள்விக்கு. இரண்டும் வேறு வேறு. ஒரு நம்பிக்கை நம்மை நல்லவனாக்கலாம். அதனாலேயே அது உண்மையாகிவிடாது. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு தைரியமாக எழுதப் போகிறோம். தைரியம் நிஜம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங்கில் வந்த ஐம்பத்தெட்டு மார்க்குக்குப் பிள்ளையார் பொறுப்பா? :-)

நம் ஊரில் இதற்கு ஒரு பழமொழியே இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. நம் நாட்டுத் தர்க்க நூல்காரர்கள் இதைக் காகதாலீய நியாயம் என்று பெயர் வைத்துச் சொன்னார்கள். காக்கை உட்கார்ந்தது நிஜம். பழம் விழுந்ததும் நிஜம். அதனால் இது என்று இரண்டுக்கும் நடுவில் நாம் போடுகிற முடிச்சுதான் நம்முடையது.

அதே 1934ஆம் வருஷக் கடைசியில் வியன்னாவில் கார்ல் பாப்பர் என்ற இளைஞர் அறிவியலின் தர்க்கம் பற்றி ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதன் மையக் கருத்து எளிமையானது. எது நடந்தால் உன் கொள்கை தப்பு என்று நீ ஒப்புக்கொள்வாய்? அதைச் சொல்ல முடிந்தால்தான் அது அறிவியல். எது நடந்தாலும் பொருந்துகிற கொள்கை ஒன்றையுமே சொல்லவில்லை. பாவத்துக்குத் தண்டனை என்பது அப்படிப்பட்டது. பூகம்பம் வந்தால் தண்டனை. வராவிட்டால் கடவுளின் பொறுமை. எப்படியும் டேலி ஆகிவிடும். கணக்குப் பாடத்தில் எப்போதும் தானாக டேலி ஆகிற கணக்கைப் பார்த்தால்தான் எங்கள் வாத்தியாருக்குச் சந்தேகமே வரும்!

இருநூறு வருஷம் பழைய சண்டை

இது இந்தியாவில் மட்டும் நடந்த விவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். காந்திக்கும் தாகூருக்கும் ஏறக்குறைய 180 வருஷங்களுக்கு முன்னால் ஐரோப்பாவும் இதையே பேசித் தலையைப் பிய்த்துக்கொண்டது.

1755 நவம்பர் 1. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரம். அன்று எல்லாப் புனிதர்களின் திருநாள். காலை நேரம், தேவாலயங்கள் நிறைந்திருந்தன. பூகம்பம் வந்து கூரைகள் ஜனங்களின் மேல் விழுந்தன. தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சுனாமி எடுத்துக்கொண்டது. எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகளும் அடுப்புகளும் சேர்ந்து நகரத்தையே நாட்கணக்கில் எரித்தன. பல்லாயிரம் பேர் போனார்கள்.

மலாக்ரிடா என்ற பாதிரியார் இது நகரத்தின் பாவத்துக்குத் தண்டனை என்றும், மக்கள் வீடு கட்டுவதை விட்டுவிட்டு மனம் வருந்த வேண்டும் என்றும் எழுதினார். மந்திரியாக இருந்த பொம்பாலுக்கு இது பிடிக்கவில்லை. அவரை ஊரை விட்டு அனுப்பினார். (பின்னால் அந்தப் பாதிரியாருக்கு நேர்ந்த முடிவு கொடூரமானது. 1761ல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். பகுத்தறிவின் பக்கம் நின்றவர்கள் கையிலும் ரத்தம் இல்லாமல் இல்லை.) அதே பொம்பால் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார். எவ்வளவு நேரம் குலுங்கியது? எத்தனை முறை? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? எத்தனை பேர் இறந்தார்கள்? யார் பாவம் செய்தார் என்ற கேள்வி அல்ல, என்ன நடந்தது என்ற கேள்வி. நில நடுக்கவியலின் ஆரம்பங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள்.

இந்த உலகம் இருக்கக்கூடிய உலகங்களிலேயே சிறந்தது, எல்லாம் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டிருந்த தத்துவத்தை வால்டேர் லிஸ்பனைக் காட்டிக் கிழித்தார். அதற்கு ரூசோ 1756ல் எழுதிய பதிலில் யாரும் எதிர்பாராத ஒரு பாயிண்ட் இருந்தது. ஆறு மாடி ஏழு மாடி வைத்த இருபதாயிரம் வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கையா என்று கேட்டார். பூமி அசைந்தது இயற்கை. ஆனால் இத்தனை பேர் செத்ததில் நம் பங்கும் இருக்கிறது என்றார்.

இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவோம்.

பூமிக்குள் நடந்தது என்ன?

1934ல் பூகம்பம் ஏன் வருகிறது என்று முழுசாக யாருக்கும் தெரியாது. வெகனர் என்ற ஜெர்மானியர் 1912லேயே கண்டங்கள் நகர்கின்றன என்று சொல்லியிருந்தார். பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. நிலத்தட்டுகள் பற்றிய கொள்கை 1960களில்தான் நிலைபெற்றது. இன்று தெரியும். இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வடக்கே போய் ஆசியாவுக்கு அடியில் முட்டுகிறது. இமயமலையில் அந்த அழுத்தம் நூற்றாண்டுக் கணக்கில் சேர்கிறது. ஒருநாள் பாறை தாங்காமல் நழுவுகிறது.

2013ல் நேபாளத்தில் ஆய்வு செய்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1934ல் கிழிந்த அதே பிளவு 1255லும் கிழிந்திருக்கிறது. அந்த 1255 பூகம்பத்தில் நேபாள ராஜாவே இறந்துபோனார். 1255ல் ஒரு பாவம், 1934ல் வேறு பாவம் என்று கணக்கு எழுதலாம். இல்லையென்றால் இடையில் 679 வருஷம் அழுத்தம் சேர்ந்தது என்று எழுதலாம். இரண்டாவது கணக்கில் ஒரு லாபம் இருக்கிறது. அடுத்த முறைக்கு வீட்டை எப்படிக் கட்டுவது என்று அது சொல்லும்.

தாகூருக்கு இந்தத் தட்டு விவரம் எதுவும் தெரியாது. ஆனாலும் அவர் சரியான பக்கம் நின்றார். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் பக்கத்தின் பலம். எங்கள் பாடத்தில் இதற்கு சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். வித்தியாசம் வருகிறதே என்று கண்ணில் பட்ட யாரோ ஒருவர் பெயரில் எழுதிவிட மாட்டோம். அப்படி எழுதினால் அது மோசடி.

மூன்றணாக் கணக்கு

பீகார் கதையில் எங்கள் துறைக்காரர் ஒருவர் இருப்பது எனக்கு ரொம்பப் பெருமை. தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கியல் படித்து, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்து, பிறகு காந்தியிடம் வந்து சேர்ந்தவர். பூகம்பத்துக்குப் பின் ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த பீகார் நிவாரணக் குழுவின் பணக் கணக்கு அவர் பொறுப்பில் வந்தது.

அவரைப் பற்றிச் சொல்கிற ஒரு சம்பவம் உண்டு. தொண்டர்களின் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்றணா என்று அவர் விதி வைத்திருந்தார். காந்தி தன் ஆட்களோடு பீகார் வந்தபோது, அந்தச் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம். பூகம்பத்தில் வீடு இழந்தவனுக்காக வந்த பணம், அது காந்திக்கே ஆனாலும் வேறு கணக்கில் போகக் கூடாது. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டார்.

எனக்கு இதில் ஒன்று தோன்றுகிறது. நிவாரணக் குழுவின் லெட்ஜரில் எத்தனை தலைப்புகள் இருந்திருக்கும்? அரிசி, துணி, கிணறு தூர் வாருதல், குடிசை. பாவம் என்று ஒரு தலைப்பு இருந்திருக்காது. காந்தியும் மார்ச் மாதம் பீகாருக்குப் போய், இடிபாட்டில் தீண்டத்தக்கவன் தீண்டத்தகாதவன் என்ற பேதம் இல்லை, உதவியிலும் இருக்கக் கூடாது என்பதைத்தான் வலியுறுத்தினார். காரணம் பற்றி அவர் சொன்னது தப்பு. செய்ய வேண்டியது பற்றி அவர் சொன்னது ரொம்பச் சரி. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன என்பதற்காக ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.

பாவம் எப்போது வந்தது?

இப்போது எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி நழுவியது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் அத்தையிடம் யாராவது ஒருவர் "கரைக்குப் போகாதே" என்று சொல்லியிருந்தால்? சொல்வதற்கு இந்துமாக் கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு கிடையாது. 2007ல்தான் ஹைதராபாத்தில் அது வந்தது. பாறை நழுவியதற்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டு மணி நேரம் வீணாய்ப் போனதற்கு மனிதர்கள் பொறுப்பு. ரூசோ கேட்ட கேள்வி இதுதான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தின் சில முகாம்களில் தலித் குடும்பங்களைத் தனியே ஒதுக்கினார்கள், பொதுத் தண்ணீரை எடுக்கவிடவில்லை, நிவாரணம் அவர்களுக்குச் சரியாகப் போகவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதின. இதைப் படித்ததும் அப்பாவுக்கு போன் போட்டேன். நம் முகாமில் அப்படி இல்லைதானே என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தனியாத்தான் இருந்தாங்க. நம்ம ஆளுங்கதான் சொன்னாங்க. அப்ப இருந்த துக்கத்துல யாரும் தப்புன்னு நினைக்கல" என்றார்.

துக்கத்திலும் அது மட்டும் மறக்கவில்லை பாருங்கள்.

என் முடிவு இதுதான். தீண்டாமை பூகம்பத்தைக் கொண்டுவராது, சுனாமியைக் கொண்டுவராது. தாகூர் சொன்னது சரி. ஆனால் அலை வடிந்த பிறகு யார் குடத்தில் தண்ணீர் விழும், யார் பெயர் பட்டியலில் ஏறும் என்பதை அது தீர்மானிக்கும். பாவம் அலைக்கு முன்னால் வரவில்லை. அலைக்குப் பின்னால் வந்தது. காந்தி கேட்ட "நாம் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்ற கேள்வி நியாயமான கேள்வி. அதைக் காரணம் என்ற பக்கத்தில் எழுதியதுதான் அவர் செய்த பிழை. பொறுப்பு என்ற பக்கத்தில் எழுதியிருந்தால் தாகூரே கையெழுத்துப் போட்டிருப்பார்.

தப்பான பக்கத்தில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. உண்மையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. மகளைப் பறிகொடுத்த கிழவி ஒருத்தி இருபது வருஷமாகத் தன் பெயரில் அந்தக் கடனைச் சுமந்துகொண்டிருந்தாள். தண்டனை என்ற விளக்கத்தில் இருக்கிற பெரிய கொடுமை அதுதான். அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும்.

சென்ற மாதம் ஊருக்குப் போனேன். இந்த முறை நழுவவில்லை. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் தள்ளிக் காட்டினேன். கடலுக்கு அடியில் பல நூறு வருஷமாகச் சேர்ந்த அழுத்தம், அப்பாயி பிறப்பதற்கும் முந்தி, அப்பாயியின் அப்பாயி பிறப்பதற்கும் முந்தி ஆரம்பித்தது என்று சொன்னேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"அப்ப நான் வேண்டிக்கிட்டதுக்கு முன்னாடியே அது புறப்பட்டுடுச்சா?"

"ஆமா அப்பாயி. ரொம்ப முன்னாடியே."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னது. "சரி. ஆனாலும் இந்த வருஷம் தீ மிதிச்சிடணும்டா."

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. "ஏன் அப்பாயி, அதான் பாவம் இல்லேன்னு சொன்னேனே?"

"பாவத்துக்கு இல்லடா. உங்கப்பன் பிழைச்சதுக்குச் சொன்னது. பாக்கி பாக்கிதானே."

அதை நான் மறுத்துப் பேசவில்லை. இரண்டு கணக்கையும் அது சரியாகப் பிரித்து எழுதிவிட்டது.